மேகம் வந்தால் யார் முதலில்

நான் ஆபரேட்டராக இருந்த துணை மின்நிலையத்தில், உப்பளங்களுக்குப் போகும் லைனின் மீட்டர் முள் இன்றும் என் கண்முன் நிற்கிறது. வெயில் காயும் நாளில் அது கீழே படுத்துக் கிடக்கும். மரக்காணத்து உப்பளக்காரர்கள் டீசல் இன்ஜினை விற்றுவிட்டு சோலாருக்கு மாறியிருந்தார்கள். பகலில் எங்கள் மின்சாரம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கடல் பக்கம் மேகம் ஏறினால்தான் முள் எழும். சோலார் ஓய்ந்துபோகும் அதே நேரத்தில்தான், பல நாள் வெயிலில் முற்றிய உப்புநீரை மழைக்கு முன் ஆழக்குழிக்கு இறைத்துக் காப்பாற்ற வேண்டும். உப்பளங்களுக்கு நடுவே ஓடும் வாய்க்காலின் இரண்டு கரையிலும் சேர்த்து நாற்பத்தாறு மோட்டார். நானே நடந்து எண்ணியது. அத்தனையும் ஒரே மூச்சில் எங்கள் லைனுக்குத் தாவும். லைன் தாங்காமல் தானாக அணைந்து விழும்.

விழுந்த பிறகு நடப்பதுதான் கொடுமை. கரண்ட் வந்தவுடன் தன் மோட்டார் முதலில் ஓட வேண்டும் என்று ஒருவரும் சுவிட்சை அணைக்க மாட்டார்கள். நான் லைனை ஏற்றுவேன்; எல்லா மோட்டாரும் ஒன்றாக இழுக்கும்; மறுபடி விழும். ஒரு கோடையில் இப்படியே ஒருவருக்கும் இறைக்க முடியாமல் மொத்த உப்புநீரும் மழையோடு போயிற்று. அதே லைனில் இருந்த இறால் குஞ்சுப் பண்ணையில் காற்று ஊதும் இயந்திரம் நின்று, தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்தன.

அதற்குப் பிறகு வந்தவர்தான் அந்த உதவிப் பொறியாளர். ஏ.இ. அம்மா என்போம். பெரிய மின்மாற்றியும் பேட்டரியும் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். சில மேக நாட்களுக்காக இவ்வளவு செலவா, அதுவும் எல்லாருடைய கட்டணத்திலும்தானே ஏறும் என்று பதில் வந்தது. அதில் நியாயமே இல்லை என்று அவரும் சொல்லவில்லை. நேரே உப்பளத்துக்குப் போய்க் கூட்டம் போட்டார். ஒரு மேகத்துக்கு ஒரு கரை முதலில், அரை மணி கழித்து அதை நிறுத்திவிட்டு மறுகரை. அடுத்த மேகத்துக்கு மாற்றி. இதுதான் அவர் சொன்ன முறை.

தென்கரைக்காரர்களின் தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “ஏம்மா, மழை இன்னா ரேஷன் கடையா, க்யூவுல நின்னு வாங்குறதுக்கு?”

சிரிப்பு அடங்கும்வரை ஏ.இ. அம்மா காத்திருந்தார். “ரேஷன் கடையிலயும் எல்லாரும் ஒண்ணா பூந்தா ஷட்டர இழுத்துடுவாங்க தலைவரே. போன தடவ அதானே நடந்துச்சு?”

சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். வடகரைக்கு முதல் முறை விழுந்தது.

சித்திரை முடியும் முன்பே ஒரு பிற்பகலில் மேகம் வந்தது. முள் எழுந்து, சிவப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்று நடுங்கியது. வடகரை மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. தென்கரைத் தலைவரிடமிருந்து போன் வந்தது. ஏ.இ. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“தூறல் விழுந்துட்ச்சும்மா. இதுக்கு மேல முடியாது. நான் சுவிட்ச் போடறேன்.”

“நீங்க போட்டா உங்க பின்னாடி அத்தன பேரும் போடுவாங்க. லைன் விழுந்து வடகரையும் நிக்கும், உங்களுதும் நிக்கும். உங்க கையிலதான் இருக்குது.”

தகரக் கூரையில் தூறல் விழும் ஓசை மட்டும் போனில் கேட்டது. பின்னால் யாரோ கத்தினார்கள்: “யோவ், போடுய்யா! இன்னாத்துக்கு அந்தம்மாவ கேட்டுனு இருக்கிற?”

“கம்முனு இருடா!” தலைவரின் குரல். அதோடு போன் அணைந்தது. நான் முள்ளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அது கோட்டைத் தாண்டவில்லை.

அரை மணி ஆகுமுன் மழை கொட்டிவிட்டது. வடகரையும் இறால் பண்ணையும் தப்பின. தென்கரையில் உப்புநீர் பாதிக்கு மேல் மழையோடு போயிற்று.

மறுநாள் காலை தலைவர் வருவதைப் பார்த்ததும், கேட்டைப் பூட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் ஏ.இ. அம்மா. தலைவர் உட்காரவில்லை.

“அடுத்த மேகம் எங்களுது. வடகரைக்காரன் எவனாச்சும் முன்னாடி கைய வெச்சான்னா, நீ ஒண்ணும் பண்ண வேணாம். நான் பாத்துக்கறேன்.”

அவர் போன பிறகு ஏ.இ. அம்மா பழைய கோப்பை எடுத்துத் திறந்தார். “பேட்டரிக்கு மறுபடி எழுதறேன் அண்ணா,” என்றார்.

அவர் மாற்றலாகி வானூர் பக்கம் போய்விட்டார். பேட்டரி வரும் என்கிறார்கள், வந்தபாடில்லை. ஓய்வு பெற்றும் எனக்கு நிம்மதியில்லை. மேகம் ஏறினால் உப்பளத்துக்கு அருகிலுள்ள என் வீட்டு வாசலில் நின்று காது கொடுக்கிறேன். ஒரு கரையில் மோட்டார்கள் ஓடத் தொடங்கும். மறுகரையில் ஓசையே இருக்காது. அங்கே சுவிட்சுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து நிற்பார்கள்.