இரண்டாவது மஞ்சள் கட்டம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜனகராஜாகிய நான், என் மகள் சூடாமணி, அவள் கணவர் ஸ்ரீனிவாஸ். நாலாவதாக ஆள் யாரும் இல்லை. தெருக்கதவை நானே தாழிட்டேன். கதை கட்டுகிற பழக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கிடையாது. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மதியம் 3.10. மறுநாள் பஜனை மடத்தில் நான் வயலின் வாசிக்க வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நோட்டில் எழுத்து தெரிவதில்லை. அதனால் சூடாமணி என் ஸ்வர நோட்டைப் படமெடுத்து, டேப்லெட்டில் பெரிதாக வைத்துக் கொடுத்திருந்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்தால் போதும், கேமரா பார்த்துப் பக்கத்தைத் திருப்பும். திரையின் ஓரத்தில் என் முகம் சின்னதாகத் தெரியும். அதைச் சுற்றி, முகத்தைக் கண்டால் கேமரா போடுகிற ஒரு மஞ்சள் கட்டம்.

வாசித்தேன். கடைசி வரி பாக்கி இருக்கையில்... சரக். பக்கம் திரும்பியது.

நான் தலையை அசைக்கவே இல்லை.

மறுபடி வாசித்தேன். மறுபடி அதே வரி. சரக்.

"மாமா, டேப்லெட்டுக்கே ஒங்க வேகம் பத்தல போல" என்று சிரித்தார் மாப்பிள்ளை. அவரும் வயலின் வாசிப்பவர்; மடத்தில் என் இடத்தின் மேல் அவருக்கு ஒரு கண் உண்டு. போனிலிருந்து அவர்தான் பக்கத்தைத் திருப்புகிறார் என்று நினைத்தேன்.

"போனை இங்கிட்டு வச்சுட்டு வெளிய போயி உக்காருங்க மாப்ள."

"நான் ஒண்ணும் பண்ணல மாமா!"

போனை வாங்கிக்கொண்டு அறைக்கதவைச் சாத்தினேன்.

3.22. கழுத்தை நிமிர்த்தி வாசித்தேன்.

சரக்...

ஒரு வரி முன்னதாகவே திருப்புகிறவன் ஒருவனை எனக்குத் தெரியும். என் தம்பி வெங்கடேஷ்பாபு. சிறு வயதில் என் இடப்பக்கம் நின்று, தலையைச் சாய்த்தபடி நோட்டைத் திருப்புவான். பிறகு உசிலம்பட்டியில் பிற சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். முப்பத்தொரு வருடம் இந்த வாசற்படியை அவன் மிதிக்க நான் விடவில்லை.

திரையின் ஓரத்தைப் பார்த்தேன்.

இரண்டு கட்டங்கள்.

ஒன்றில் என் முகம். மற்றது என் இடத்தோளுக்கு மேலே. உள்ளே வெறும் சுவர்.

அந்தக் கட்டம்... மெல்லச் சாய்ந்தது.

சரக்.

4.05க்கு என் போன் அடித்தது. தம்பி மகள் காவ்யஸ்ரீ. அழுகை.

"பெரியப்பா, அப்பா காலைல ஒம்பது மணிக்கே போயிட்டாரு. ஐஸ் பெட்டில வச்சிருக்கோம். ஒங்க வீட்ல ஒரு நிமிசம் எறக்கிட்டுப் போகட்டுமா? அம்புட்டுத்தான் அவரு கேட்டது."

"வேணாம்மா" என்றேன்.

பிணமாகக்கூட அவனை நான் வீட்டுக்குள் விடவில்லை என்று தெருவில் பேசுகிறார்கள்.

தவறு. அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே, 3.10க்கே, அவன் உள்ளே வந்தாயிற்று.