விழுந்த கல்லை எடுத்து வைத்தவர்

பல்கலைக்கழகப் பாடத்தில் ஒரு பக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில், தாக்க வருபவர்களிடமிருந்து தப்ப, நவஹோ பழங்குடி மக்கள் நியூ மெக்சிகோவின் பாறைகளில் கட்டிய கல்வீடுகள். ரொறன்ரோவின் மல்வேர்னில் பக்கத்து வீட்டுக் குகன் அண்ணைக்கு அதைச் சொன்னேன். ஊரில் போர் நடந்தபோது குண்டுக்குத் தப்பப் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டியவர்.

"உள்ளுக்கு எப்பிடி எண்டு பாக்கவேணும். வாறியோ, போவம்?"

1997 செப்டெம்பர். தொழிற்சாலை அவருக்குக் கொடுத்த ஒரே லீவு அதுதான்.

ரொறன்ரோவிலிருந்து நியூ மெக்சிகோவின் ஃபார்மிங்ரன் ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர். மூன்று பகல். என்னிடம் லைசென்ஸ் இல்லை, முழுக்க அவரே ஓட்டினார். மோட்டல் 34 அமெரிக்க டொலர். வழிகாட்டியின் வான் வண்டிக்கு ஆளுக்கு 45. காலை எட்டுக்குப் புறப்பட்டு, மண்பாதையில் 38 கிலோமீற்றர், ஒன்றரை மணி நேரம்.

தனிப்பாறையின் உச்சியில் வீடு. தவழ்ந்துதான் நுழையலாம். சுவரில் கையளவு துளைகள். "இவ்வளவு பயப்பட்டிருக்கத் தேவையில்லை" என்று ஆங்கிலத்தில் சிரித்தார் வழிகாட்டி. யார் அளந்தது? அகதி விசாரணையில் குகன் அண்ணையிடமும் இதைத்தான் கேட்டார்கள்: அவ்வளவு பயமா?

எங்களோடு வந்த ஒருவர் படமெடுக்கச் சுவரில் சாய்ந்தார். கல்லொன்று உருண்டது. "கவனம்" என்றார் வழிகாட்டி. அவ்வளவுதான்.

குகன் அண்ணை குனிந்தார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் இடத்தில் பொருத்தினார். பங்கரில் சரிந்த மண்மூட்டையை யாரும் விட்டுவைப்பதில்லை.

வழிகாட்டி கத்தினார். தொல்பொருள் தளத்தில் கல்லைத் தொடுவது குற்றமாம். குகன் அண்ணையை வான் வண்டிக்குப் போகச் சொன்னார். கல்லைக் கழற்றி மறுபடி தரையில் வைத்தார். சாய்ந்தவர் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

சட்டம் சரிதான். ஆனால் ஒருவர் விஷயத்தில் மட்டும் அது எப்படி ஞாபகம் வந்தது? கேட்டேன். வழிகாட்டி வான் நின்ற பக்கம் கைகாட்டினார்.

"விடு தம்பி. நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு" என்றார் குகன் அண்ணை.

தவழ்ந்து போனேன். துளையில் கண் வைத்தேன். பள்ளத்தாக்கின் அழகு எதுவும் தெரியவில்லை. ஏறிவரும் பாதை மட்டும். அதன் அடியில் வான். வானின் நிழலில் அவர்.

போகிறவர்களுக்கு: ஆளுக்கு நான்கு லீற்றர் தண்ணீர். மழை பெய்திருந்தால் மண்பாதை வேண்டாம். சுவரில் சாயாதீர்கள். கல்லைத் தொடாதீர்கள், கண்முன்னே விழுந்தாலும். கட்டியவர்களின் பயத்தைப் பார்த்து வழிகாட்டி சிரித்தால், நீங்களும் சேர்ந்து சிரிக்காதீர்கள்.

திரும்பக் காரில் ஏறியதும் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"உள்ளுக்கு எத்தினை பேர் இருக்கலாம்?"

"ஆறு பேர், அண்ணை."

"குழந்தையளோட எண்டால் பத்து" என்றார். காரை எடுத்தார்.