செங்கல்வராயன் போட்ட வீட்டுக் கையெழுத்து

பதினொன்று என்ற அந்த எண்ணைத் தட்டச்சு செய்த கை இதுதான். அதனால் செங்கல்வராயனைப் பற்றி வேறு யார் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியாக வேண்டும்.

ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லைக் கணக்கு முடிந்து, திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம் என்று ஏற்பாடான 1960ஆம் வருஷம். சித்தூரிலிருந்து வந்து திருப்பதிப் பல்கலைக்கழக நூலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். செங்கல்வராயன் அங்கே வாசல் அட்டெண்டர். நகரியில் தறி நெய்யும் குடும்பத்து மனிதர். உள்ளே வருகிறவர்களிடம் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். தமிழ்ப் புத்தகங்கள் இருந்த இரண்டு பீரோக்களின் சாவியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் உத்தியோகம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களும் வந்து படிக்கலாம் என்று நூலகத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. வாசலில் ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு மாதம் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகுதான் செங்கல்வராயன் இறங்கினார். யாரும் சொல்லவில்லை, தாமாகவே. சனிக்கிழமை சாயங்காலம் திருச்சானூர் கடைவீதி, ஞாயிறு காலை அலிபிரி. மலையிறங்கி வந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் போவார்.

"கால் நோவுதா? எங்க லைப்ரரில பெஞ்சு கீது, ஃபேன் கீது. ரெண்டு பீரோ தமிழ்ப் புஸ்தகம் கீது. பஸ்ஸுக்கு நேரம் ஆவுற வரைக்கும் வந்து குந்துங்க."

வந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பத்துப் பதினைந்து பேர் வரிசையாகக் குனிந்து படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கையெடுத்துக் கும்பிடவும் தோன்றும். புத்தூர்க் குடியானவர்கள், நகரி நெசவுக்காரர்கள், திருச்சானூர்ப் பூக்கடைக்காரர்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் பக்கத்தில் படிக்கத் தெரியாத நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். சத்தம் போடக்கூடாது என்பது விதி. செங்கல்வராயன் அவர்களைப் பின் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு விதியைக் காப்பாற்றுவார்.

எல்லை முடிவானதும் நூலகக் கமிட்டியில் ஒரு கேள்வி வந்தது. தமிழ்ப் பிரதேசம்தான் அந்தப் பக்கம் போய்விட்டதே, இந்த இரண்டு பீரோ இனி யாருக்கு? படிக்க ஆள் இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் கிடங்குக்கு அனுப்பலாம், எத்தனை பேர் என்று கணக்குக் கொடுங்கள் என்றார்கள். கிடங்கு என்றால் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த ஒழுகுகிற அறை. கறையான் வைத்ததுதான் அங்கே சட்டம். அங்கே போன புத்தகம் திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை.

கணக்கெடுத்தவர் ஹெட்கிளார்க் நாகபூஷணம். எங்கள் பக்கத்து ஆள்தான், வீட்டில் தமிழ்தான். வாசல் பதிவேட்டைப் பிரித்து, தமிழில் கையெழுத்துப் போட்டவன் தமிழன், தெலுங்கில் போட்டவன் தெலுங்கன் என்று எண்ணிக்கொண்டே போனார். ஒரு வருஷத்தில் வெளியாள் நானூற்று அறுபத்திரண்டு. அதில் தமிழ் பதினொன்று. டைப் அடித்துக் கொடுத்தேன். எனக்கும் உறைக்கவில்லை, வெட்கக்கேடு!

செங்கல்வராயன் நகலைப் படித்துவிட்டு நேரே ஆபீசுக்குள் வந்தார்.

"இன்னா சார் கணக்கு இது? கையெழுத்துன்னா கர்ணம் முன்னாடி போடுறது சார். பட்டாவுக்கு, வரிக்கு, கோர்ட்டுக்கு. அதுக்குப் பேரே எங்க ஊர்ல சந்தகம்தான். ஆபீசுன்னா தெலுங்கு, ஊடுன்னா தமிழ். நீங்க ரிஜிஸ்டர நீட்டினா அது ஆபீசுன்னு நெனச்சி தெலுங்குல போட்டுட்டுப் போறான். உள்ள போயி தமிழ்தான படிக்கிறான்! பீரோவைத் தெறந்து உட்டவன் நானு, எனக்குத் தெரியாதா?"

புத்தகம் கேட்டு எழுதிக் கொடுத்த சீட்டுகள் எங்கே என்று நான் கேட்டேன். மாதா மாதம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாகிவிட்டது என்றார் நாகபூஷணம், ஏதோ புண்ணிய காரியம் செய்தவர்போல. பிறகு அலமாரியிலிருந்து சம்பளப் பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது யார் சந்தகம்யா?"

செங்கல்வராயன் என்று அழகான தெலுங்கில் இருந்தது. ஆறு வருஷமாக மாதாமாதம் அதே கையெழுத்து.

"இந்தக் கணக்குப்படி நீயே தெலுங்குதான். போ, போயி வாசலைப் பாரு."

மனிதர் பட்டியலை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் கையெழுத்துப் போடுவது இங்கிலீஷில். அப்படியானால் நான் வெள்ளைக்காரியா என்று கேட்டிருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்று கேட்கவில்லை.

கமிட்டி கூட இரண்டு வாரம் இருந்தது. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைக்காக செங்கல்வராயன் லீவு போட்டு ஊர் ஊராக அலைந்தார். இந்த ஒரு தடவை தமிழில் போடுங்கள், இல்லாவிட்டால் பீரோ போய்விடும் என்று கெஞ்சினார். அன்றைக்கு எழுபத்துமூன்று பேர் வந்தார்கள். வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் வரிசை நின்றது. பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரும் தயங்கியதை நான் பார்த்தேன். சத்தியவேட்டிலிருந்து வந்த எத்திராஜ் என்ற குடியானவர், "கடுதாசி எழுதுறவன்தான் நானு. சந்தகம்னு தமிழ்ல போட்டதில்லே, கை கூசுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லைச் சண்டை நடந்த எடம். நாளைக்கு ஏதாச்சும் வம்பு வருமா நைனா?" என்று கேட்டார். கேட்டுவிட்டும் போட்டார். பெரிய பெரிய எழுத்தாக, இரண்டு வரியை அடைத்துக்கொண்டு போட்டார்.

திங்கட்கிழமை அந்தப் பக்கங்களைக் கொண்டுபோய் நாகபூஷணத்தின் முன்னால் வைத்தோம். அவர் பழைய பதிவேட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"இதே எத்திராஜ் போன மாசம் தெலுங்குல போட்டிருக்கான். இப்ப தமிழ்ல போட்டிருக்கான். ஒரு ஆளுக்கு ரெண்டு சந்தகம் கெடையாது. பழசோட ஒத்துப்போவாத சந்தகம் செல்லாது. ரூல்னா ரூல்தான்."

எழுபத்துமூன்று பேர் பஸ் ஏறி, கை கூசி, பயந்து போட்டது செல்லாதாம்! கமிட்டிக்குப் பதினொன்றுதான் போயிற்று. பீரோக்களைக் கிடங்குக்கு அனுப்ப உத்தரவும் வந்தது.

சாமான் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக வேண்டுமென்றால், அதற்குப் பொறுப்பானவர் ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். கூலியாட்கள் கயிற்றோடு நின்றார்கள். நாகபூஷணம் சீட்டை நீட்டினார். செங்கல்வராயன் பேனாவை வாங்கினார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தமிழில்.

"இன்னாய்யா இது?"

"என் கையெழுத்து சார்."

"சம்பளப் பட்டியல்ல இருக்கிற மாதிரி போடுய்யா!"

"அது ஆபீசு கையெழுத்து. சம்பளத்துக்கு அதத்தான் போடுவேன். இந்தப் பீரோ ஊடு சார். ஊட்டுக் கையெழுத்துதான் போடுவேன். ஒத்துப்போவலேன்னா செல்லாதுன்னு எழுதுங்க."

நாகபூஷணத்தின் முகம் போன போக்கை என்ன சொல்ல! இதைச் செல்லும் என்றால் அந்த எழுபத்துமூன்றும் செல்லும். செல்லாது என்றால் பீரோ நகர முடியாது. தாம் வெட்டிய குழியில் மனிதர் நின்றுகொண்டிருந்தார். மிரட்டினார், மெமோ கொடுத்தார். மெமோவைப் பெற்றுக்கொண்டதற்கும் செங்கல்வராயன் தமிழிலேயே கையெழுத்துப் போட்டார். கடைசியில் கூலியாட்களைத் திருப்பி அனுப்பினார்கள். சாவி பழையபடி அவர் இடுப்புக்குப் போயிற்று.

அவர் ஓய்வு பெறும்வரை அந்த இரண்டு பீரோவும் அங்கேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைத் தலைகளும் வந்துகொண்டிருந்தன. ஊரில் பலர் இதைச் செங்கல்வராயனின் சாமர்த்தியம் என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். நான் சிரித்ததில்லை. அத்தனை பேர் வந்து படித்தார்கள் என்பதற்காக அந்தப் பீரோக்கள் அங்கே நிற்கவில்லை. கோப்பில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. 'அட்டெண்டரின் கையெழுத்து ஒத்துப்போகாததால் நிறுத்திவைக்கப்பட்டது' என்றுதான் இருக்கிறது. அதையும் நான்தான் டைப் அடித்தேன்.