கம்ப்யூட்டருக்குள் சந்தனம்

போன ஆயுத பூஜைக்கு எங்கள் ஆபீஸில் ஒரு பெண் தன் லேப்டாப் மூடிமேல் ஒரே ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். அதையும் துடைத்துவிட மறு கையில் டிஷ்யூ தயார். இதெல்லாம் ஒரு பக்தியா! அந்த வாசனை என்னைப் பல வருஷம் பின்னால், நேராகச் சிட்லபாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் இன்ஜினியர். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்ததால் வந்த பட்டம் அது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: ஃபார்மேட். பிரிண்டர் அடிக்காவிட்டாலும் ஃபார்மேட்தான்.

வசந்தா அக்கா சிட்லபாக்கத்தில் வீட்டிலேயே தீசிஸ் டைப் செய்து கொடுப்பவர். ஒரு லெக்சரரின் தீசிஸைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். ஆயுத பூஜை முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை போன் செய்தார். "தம்பி, ஒரு பக்கம் அடிக்கறதுக்குள்ள மூணு தடவ ரீஸ்டார்ட் ஆவுது. ஒரே பேஜாரா இருக்குப்பா." கிளம்பும்போது கடை ஓனர் எச்சரித்தார்: "இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்துது, நீ வூட்லயே குந்திக்கோ."

"வைரஸ்க்கா" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி. ஃபார்மேட் செய்தேன். பாதியிலேயே மறுபடி ரீஸ்டார்ட். அப்புறம்தான் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே கோயில்! ஃபேனுக்குக் குங்குமம், ஹார்ட் டிஸ்க்குக்கு விபூதிப் பட்டை. ரேமின் தலையில் அப்பிய சந்தனம் வழிந்து, அது செருகியிருந்த ஸ்லாட்டுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் எதையும் மேலோட்டமாகச் செய்ய மாட்டார். "வெளிய மட்டும் வச்சா எப்பிடி தம்பி? வேலை செய்யறது உள்ளதானே?" என்று நியாயம் கேட்டார்.

ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து மாட்டினேன். மறுபடி விண்டோஸ் ஏற்றியதும் மெஷின் சமர்த்தாக ஓடியது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டபோது அக்கா கேட்டார்: "டெஸ்க்டாப்ல நாப்பது பக்கம் வச்சிருந்தேனே, எங்க தம்பி?"

ஃபார்மேட் எல்லாவற்றையும் அழித்திருந்தது. ஐந்து நிமிட ரப்பர் வேலைக்கு நாற்பது பக்கத்தைக் காவு கொடுத்திருக்கிறேன், பாவி.

அக்கா அழுதார், கொஞ்சம்தான். பிறகு கையெழுத்துப் பிரதியை என் மடியில் போட்டு, "நீ படி, நான் அடிக்கிறேன்" என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் படித்தேன். மண்புழுவைப் பற்றிய தீசிஸ். இன்றும் மண்புழு விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. திங்கட்கிழமை காலை ஓனர் விசாரித்தபோது, என் எதிரிலேயே அக்கா போனில் சொன்னார்: "தம்பி நல்லா பண்ணிட்டாரு சார்."

அந்தக் கடை இல்லை. டைப் செய்து கொடுக்கும் அக்காக்களும் இல்லை. இப்போது நானே ஒரு சர்வீஸ் கம்பெனி நடத்துகிறேன். என் ஆள் மாடிப்படி இறங்குவதற்குள் வாடிக்கையாளர் போட்ட ஒற்றை ஸ்டார் என் போனுக்கு வந்துவிடுகிறது. மூன்று முறை அப்படி வந்தால் ஆளை நிறுத்திவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, அது கம்பெனி ரூல். எழுதியவன் நான்தான்.