ஆள் உட்காராமல் மாட்டிய கதவுகள்

என் அண்ணன் எடுத்த வேலை எதையும் முடித்ததில்லை. கொல்லையில் கிணறு வெட்ட ஆரம்பித்தான்; பாறை வந்ததும் நிறுத்திவிட்டான். கோழிப் பண்ணைக்குச் சுவர் எழுப்பினான், கூரை போடவில்லை. மாடியில் நான்கு தூண்கள் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அண்ணி எட்டு வருஷம் அந்தக் கம்பிகளில் கயிறு கட்டித் துணி காயப்போட்டார். ஒருநாள் காய்ந்த துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செங்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பெரிய சண்டையெல்லாம் இல்லை.

"ஒரே ஒரு வேலைய முழுசா முடிச்சிட்டு சொல்லி அனுப்புங்க. வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

கிணற்றைத் தோண்டியிருக்கலாம். கூரையாவது போட்டிருக்கலாம். என் அண்ணன் கார் கட்டப் போகிறேன் என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அவன் போன பிறகு.

முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்ல முடியாது. பெங்களூரில் பத்து வருஷம் மெக்கானிக்காக இருந்தவன். இரும்பு பைப்பில் செய்த சேஸ் என்கிற அடிச்சட்டத்தையும் மேலே மாட்ட ஃபைபர் பாகங்களையும் ஒரு செட்டாக விற்கிறார்கள். அடிபட்ட பழைய கார் ஒன்றிலிருந்து இன்ஜினையும் சக்கரங்களையும் கழற்றி, எல்லாவற்றையும் நாமே வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். ரோட்டில் ஓட்ட ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "தோப்ப ஒரு சுத்து சுத்தி வந்தா போதும். அவ பக்கத்துல உக்காந்து வரணும், அவ்ளோதான்" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை செய்தவன். தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் கதவு, ஸ்கூல் பஸ் சீட் என்று எல்லாம் செய்திருக்கிறேன். பட்டறையை மூடிவிட்டதால் வீட்டில் சும்மா இருந்தேன். அண்ணன் கூப்பிட்டதும் போனேன். இன்ஜின் அவன் பொறுப்பு. ஃபைபர் என் பொறுப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாரியில் வந்து இறங்கிய பாகங்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. அச்சிலிருந்து எடுத்த ஃபைபர் அப்படித்தான் வரும். ஓரத்தில் ஒரு விரல் அளவு மிச்சம் இருக்கும். வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். பானட்டுக்கு மட்டும் நான்கு நாள் ஆனது. தேய்க்கும்போது பறக்கிற தூள் தோலுக்குள் இறங்கிவிடும். குளித்தாலும் போகாது. ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே கிடப்போம். கதவு இடுக்கு எங்கும் ஒரே அளவாக இருக்க அண்ணன் ஒரு புளியங்கொட்டையை வைத்துப் பார்ப்பான். கொட்டை சிக்காமல் போனால் சரி, சிக்கினால் உப்புத்தாள். அவன் இப்படிப் பொறுமையாக வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை முடித்துவிடுவான் என்றுகூட நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் புது வண்டிக்குப் பூஜை போடும்வரை யாரும் அதில் உட்காரக் கூடாது. டிராக்டரானாலும் சரி, மொபெட்டானாலும் சரி. அண்ணன் அதற்கும் ஒரு படி மேலே போனான். அதுவரை டயர் மண்ணைத் தொடக் கூடாது என்று சேஸின் நடுவே கருங்கல் அடுக்கி, காரை அதன்மேல் நிறுத்தியிருந்தான். அப்படி நிற்கும் காரில்தான் கதவுகளை மாட்டப் போனான்.

அது தப்பு. பைப் சேஸ், ஆள் உட்கார்ந்தால் நடுவில் தொய்யும். நடுவில் தொய்ந்தால் கதவின் சட்டம் மேலே குறுகி, கதவு இறுகிவிடும். அதனால் காரை நான்கு சக்கரத்தில் நிறுத்தி, சீட்டில் ஆள் எடைக்குப் பாரம் ஏற்றி, பிறகுதான் கதவு மாட்ட வேண்டும். சாமி குத்தம் ஆகாமல் அதற்கு வழியும் இருந்தது. லாரிச் சக்கரத்தின் கீழ் வைப்பது மாதிரி டயருக்கடியில் பலகை போடலாம். சீட்டில் நெல் மூட்டை வைக்கலாம். நெல் லட்சுமி, அவள் உட்கார்ந்தால் யார் குறை சொல்வார்கள்? இதைச் சொல்லத்தான் அன்று காலை அவனிடம் போனேன்.

டீக்கடையிலிருந்து நான்கைந்து பேர் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணா, கதவ இப்ப மாட்டாத" என்று ஆரம்பித்தேன்.

"இன்னாடா? கக்கூஸ் கதவு போடறவனுக்குக் கார் கதவப் பத்தி இன்னா தெரியும்?" என்றான். பிறகு அவர்களைப் பார்த்து, "தனியாத்தான் கட்டினு கீறேன். இவன உப்புத்தாள் தேய்க்க வெச்சிருக்கேன், வூட்ல சும்மாதான கெடக்கறான்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போய் பின் மட்கார்டைத் தேய்த்தேன். சாயங்காலம் அவன் மட்டும் இருந்தபோது சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். பூஜைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது, பதினோரு நாளும் வாயைத் திறக்கவில்லை. "அவ்வளவு தெரிந்தவன் தானே, படட்டும்" என்று நினைத்தேன். கதவைத் திறந்து மூடிக் காட்டி, "எப்டிடா?" என்று கேட்டபோது, "அம்சமா இருக்குது" என்றேன்.

பூஜையன்று அண்ணியும் அவர் அப்பாவும் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அண்ணி பட்டுப்புடவை கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் அண்ணன் வேட்டியை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினான். எட்டுப் பேர் சேர்ந்து காரைக் கல்லிலிருந்து இறக்கினோம். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அண்ணன் உள்ளே உட்கார்ந்து கதவை இழுத்தான். கதவு முரண்டு பிடித்தது. பலமாக இழுத்துச் சாத்திக்கொண்டான். பழத்தை நசுக்கிக்கொண்டு கார் பத்தடி போனது. ஊரே கைதட்டியது. அண்ணி ஏறுவதற்காக நிறுத்தி, அந்தப் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து தள்ளினான். அது திறக்கவில்லை. அண்ணி வெளியிலிருந்து இழுத்தார். அசையவில்லை. அண்ணன் தன் பக்கத்துக் கதவை முட்டினான். அதுவும் அப்படியே.

ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, ரிவெட் அடித்த பிளாஸ்டிக் ஷீட். இறக்க முடியாது. சித்திரை வெயில். உள்ளே அவன் சட்டை நனைவது வெளியே தெரிந்தது.

"மாப்ள, வெளிய வர்ற வழியும் செட்டோட குடுத்தாங்களா, அது தனியா வாங்கணுமா?" என்று மாமனார் குனிந்து கேட்டார். பெண்கள்கூடச் சிரித்தார்கள். நாலாபக்கமும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, நன்றாகவே சந்தோஷமாக இருந்தது.

சேஸுக்கு நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் இரண்டே நிமிஷத்தில் இரண்டு கதவும் திறந்திருக்கும். ஜாக்கி அங்கேயேதான் கிடந்தது. நான் கட்டிங் மெஷினை எடுத்துவந்தேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் தலையாட்டினான். "வெட்டுடா, வெட்டு" என்று உள்ளேயிருந்து கத்தினான். அண்ணி நின்ற பக்கத்துக் கதவைத்தான் வெட்டினேன். இரண்டு மாதம் தேய்த்துப் பெயின்ட் அடித்த கதவு. வெள்ளைத் தூள் கிளம்பி அவன் தலையிலும் அண்ணியின் புடவையிலும் கொட்டியது. அந்த ஓட்டை வழியே அவன் தலையை நீட்டி, கையை ஊன்றி, நான்கு காலில் வெளியே வந்தான். வேட்டி உள்ளே மாட்டிக்கொண்டது.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைக்கப் போனார். அவர் அப்பா கையைப் பிடித்து, "வாம்மா, பஸ் வந்துடும்" என்றார். அண்ணி கழுத்தைச் சொறிந்துகொண்டே அவர் பின்னால் போனார்.

அதற்குப் பிறகு அண்ணன் என்னைப் பற்றிப் பேசிய பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "என் தம்பி இல்லன்னா உள்ளயே வெந்திருப்பேன்" என்று டீக்கடையில், ரேஷன் கடையில், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். மூன்று வாரம் கழித்து என்னைச் செங்கத்துக்குப் போகச் சொன்னான்.

"நீ போய் பேசு. நீ சொன்னா அவ கேப்பா."

போனேன். மாமனார் வெளியே போயிருந்தார். அண்ணி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் நின்றார். கழுத்தில் அரிப்பின் தடம் இன்னும் கருப்பாக இருந்தது.

"தம்பி, உனக்குத் தொழில் தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லு" என்றார். "அந்தக் கதவ அவரே கெடுத்துக்கிட்டாரா, இல்ல வேற யாராச்சும் கெடுத்தாங்களா? அவர் ஒழுங்காச் செஞ்சி வேற யாரோ கெடுத்திருந்தா, இப்பவே பைய எடுத்துக்கினு உன்கூட வர்றேன். எங்கப்பா இன்னா சொன்னாலும் சரி."

டம்ளர் என் கையில் இருந்தது. பதினோரு நாள் என்று சொன்னால் போதும். மீதியை அவரே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார். ஆனால் ஊருக்குத் தெரிந்தால் அண்ணன் இனி என் முகத்தில் விழிப்பானா என்று யோசித்தேன். நான் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

"அவரேதான் அண்ணி" என்றேன். "நான் சொல்லிப் பார்த்தேன். கேக்கல."

அண்ணி தலையாட்டினார். "சரி" என்று சொல்லி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அண்ணன் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தான். எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பஸ் கிளம்பும்வரை படிக்கட்டையே பார்த்தான்.

"வரலைன்ட்டாங்களா?"

"வரலைன்ட்டாங்க."

"என்னைப் பத்தி நல்லவிதமா சொன்னியா?"

"சொன்னேன்."

"நீ போய் பேசினதே போதும்டா" என்றான். வெயிலில் வந்தவன் என்று டீக்கடைக்குக் கூட்டிப் போய், எனக்கு மட்டும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.