எண்ணெய் கண்ணில் இறங்குவதற்குள்

நாற்பதைத் தாண்டியவர்களுக்கான ஐந்து கிலோமீட்டர் ஓட்டப்போட்டிக்காக, தினமும் விடியற்காலையில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஓடிப் பழகினேன். காலில் விலை கூடிய ஷூ, கையில் வாட்ச். அதே வழியில் தினமும் ஒருவர் ஓடுவார், என் வயதுதான் இருக்கும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலை நிறைய நல்லெண்ணெயோடு, வெறுங்காலில் என்னைத் தாண்டிப் போவார். கடுப்பில் ஒருநாள் பைக்கில் பின்னாலேயே போய் அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அருவிக்கரையில் பேச்சுக் கொடுத்தேன்.

"எப்படி அண்ணாச்சி இவ்வளவு வேகம்?"

"எண்ணெ கண்ணுல இறங்குததுக்குள்ள வந்துரணும்லா. இல்லன்னா எரியும்."

மனசில்லாமல்தான் போட்டிக்கு அழைத்தேன்.

"எங்கன முடியுது?" என்றார்.

"இங்கன தொடங்கி தென்காசில முடியுது."

"அங்கன போயி எதுல குளிக்க?" என்று கேட்டுவிட்டு அருவிக்குள் போய்விட்டார். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

போட்டியில் நான்தான் முதல். ஆனால் இறக்கத்தில் ஓடியும், அவர் ஏற்றத்தில் ஓடியதைவிட ஒரு நிமிடம் அதிகமாக எடுத்துக்கொண்டேன். கோப்பை வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய நேரத்தை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும்.