கூரைக்குப் போன வரம்

கடவுளின் வீட்டுக்குக் கூரை வேண்டுமென்று கடவுளிடமே மனுப்போட்டவள் நான். அப்போது வயது ஏழு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அதே அறிவுதான் இன்றும், வயதுதான் கூடியிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அப்பா மூவாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. தம்பி பிறந்த பத்தாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரமாகியும் இறங்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர், "இனி மேல இருக்கிறவருதான் பாக்கணும்" என்று கைவிரித்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் அம்மாவைச் சித்தியிடம் ஒப்படைத்து, அண்ணனையும் வீட்டில் நிறுத்திவிட்டு, என்னை மட்டும் கூட்டிக்கொண்டு அப்பா மலாக்காவுக்குக் கிளம்பினார். ஆற்றைப் படகில் கடந்து, பஸ் பிடித்து, ஒற்றை வாசல் மட்டும் மிஞ்சிய கோட்டையைத் தாண்டி, குன்றின்மேலிருந்த பழைய மாதாகோயிலுக்கு ஏறினோம்.

எங்கள் வேதக்காரர் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு: ஒரு கோயிலுக்குள் முதன்முதலாகக் கால்வைப்பவர் மூன்று வரம் கேட்கலாம்.

"மூணையும் அம்மாவுக்கே கேளு பாப்பா," என்றார் அப்பா. ஏறும்போதே கதையும் சொன்னார். அந்தக் கோயிலைப் போர்த்துக்கீசியர் கட்டினார்களாம், டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்ததும் தங்கள் கோயிலாக்கிக்கொண்டு, பிறகு அடிவாரத்தில் புதிதாக ஒன்று எழுப்பியதும் இதைக் கைவிட்டார்களாம், ஆங்கிலேயரோ உள்ளே வெடிமருந்தை அடுக்கினார்களாம்.

நுழைந்தால், என் கை நீளத்துக்குத் தடித்த செம்புரைக்கல் சுவர்கள், வளைந்த சன்னல்கள், ஆளுயரக் கல்லறைப் பலகைகள். மேலே வெறும் வானம். முழந்தாளிட்டு, முதல் வரமாகக் கூரை கேட்டேன். வேய்ந்து முடிக்க நாளாகுமே, அதுவரை மழை பெய்யக்கூடாது என்று இரண்டாவதைக் கேட்டேன். மூன்றாவதற்குக் கண்ணை மூடினேன், மழை கொட்டியது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். வாசலைத் தாண்டியபின் கேட்டால் செல்லாது.

பஸ்ஸில், "மூணும் கேட்டுட்டியா?" என்றார். அழுதபடி உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். என் கையை மட்டும் வழிநெடுக விடவில்லை. அம்மாவை நானே கொன்றுவிட்டதாக முடிவு செய்தேன். அப்பாவும் அண்ணனும் அந்தக் கோயிலுக்கு முன்பே போய்வந்தவர்கள், வீட்டில் செலவாகாத வரம் என்னிடம் மட்டுமே இருந்தது என்பது விளங்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மத்தியானமே வேர்த்து, காய்ச்சல் விட்டதாம். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாததால், இன்றுவரை எல்லாருக்கும் சொல்லிவைக்கிறேன். அன்று மட்டும் அம்மாவின் மடியில் விழுந்து, கூரை முதல் மழை வரை குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

"உன்ன நம்பியாடி நான் படுத்திருந்தேன்?" என்றார் அம்மா. "காலெல்லாம் சேறு. போயி கழுவிட்டு வா."